கிட்டப்பார்வை லென்ஸ்

அந்தத் தையல் கூடத்தில் ஸ்பேனர் அக்காவைச் சேர்க்காமல் முப்பத்தேழு பேர். அதில் முப்பத்தாறு பேருக்கு அவள் என்றால் உயிர். மீதி ஒருவருக்கு அவள் எதிரே வந்து நின்றாலும் கண்ணில் பட மாட்டாள். அந்த ஒருவர்தான் சூப்பர்வைசரம்மா. அவர்கள் இரண்டு பேரின் கதை இது. நடுவில் ஒரு பழைய லென்ஸும் வருகிறது.

ஸ்பேனர் அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்தது தையல்காரியாகத்தான். பட்டன் ஓட்டைக்குக் காஜா போடும் மெஷினில் உட்கார வைத்தார்கள். அது இரண்டு மணி நேரம் ஓடும், அரை மணி நேரம் முரண்டு பிடிக்கும். மெக்கானிக் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார், வந்ததும் முதலில் டீ எங்கே என்று கேட்பார். ஒருநாள் பொறுமை போய், கத்தரிக்கோல் முனையாலேயே திருகுகளைக் கழற்றி, உள்ளே சுற்றிக்கொண்டிருந்த நூலை உருவிப் போட்டு மூடிவிட்டாள். மெஷின் ஓடியது. அடுத்த வாரம் பக்கத்து மெஷின்காரி கூப்பிட்டாள், அதற்கடுத்த வாரம் அந்த வரிசையே கூப்பிட்டது. டீ கேட்கும் மெக்கானிக் வராத ஒரு மாதத்தில், நிர்வாகம் அவளுக்கு ஒரு ஸ்பேனர் செட்டும் நீலக் கோட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டது. பதினாறு வருஷமாக அந்தக் கோட்டுப் பையில் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று ஸ்பேனர், இன்னொன்று துணியில் அடையாளம் போடுகிற சாக்பீஸ்.

அந்த சாக்பீஸ் அவளுடைய சட்டப்புத்தகம். எந்த மெஷினைத் திறந்தாலும், இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டுத்தான் கழற்றுவாள். திரும்ப மாட்டும்போது கோட்டுக்குக் கோடு சேர்ந்தால் போதும், மெஷின் பழையபடி ஓடும். கோடு போடாமல் கழற்றியவர்களை அவள் மனுஷராகவே மதித்ததில்லை. "கோடு போட்டியா?" என்று கேட்டுக் கேட்டே பாதிப் பேரை அழவைத்திருக்கிறாள்.

கேமரா அவளிடம் வந்தது அண்ணன் வழியாக. அவர் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதைத் தங்கையின் தலையில் கட்டினார். அதன் லென்ஸ் மாடிப்படியில் விழுந்து நொறுங்கிப் போயிருந்தது. கேமரா மட்டும் நன்றாக இருந்தது. லென்ஸ் இல்லாத கேமராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அலமாரியில் ஒரு வருஷம் தூங்கவிட்டாள்.

பிறகு ஒருநாள் நூல் வாங்கப் போன தெருவில், பழைய சாமான் கடையில், பில் கட்டின்மேல் காற்றுக்குப் பறக்காமலிருக்க ஒரு கனமான உலோக உருளையை வைத்திருந்தார்கள். கையில் எடுத்தாள். முன்னும் பின்னும் கண்ணாடி. யாரோ நாற்பது வருஷத்துக்கு முன் ஃபிலிம் கேமராவில் மாட்டிய லென்ஸ். அதன் பெரிய வளையத்தைத் திருப்பினாள். நன்றாக எண்ணெய் விட்ட மெஷினின் சக்கரம் கைக்கு எப்படித் திரும்புமோ அப்படித் திரும்பியது. அந்த நிமிஷமே அதனிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். கடைக்காரரின் மனைவி வைத்திருந்த தையல் மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. ஸ்பேனர் அக்கா பத்து நிமிஷத்தில் அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு லென்ஸோடு வீட்டுக்கு வந்தாள். கடைக்காரர் பில் கட்டின்மேல் ஒரு பூட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

பழைய லென்ஸின் வாயும் அண்ணன் கொடுத்த கேமராவின் வாயும் பொருந்தாது. நடுவில் போடும் ஓர் இணைப்பு வளையத்தை மகள் ஆன்லைனில் வரவழைத்தாள். மாட்டிப் பார்த்தால் கேமரா மறுத்துவிட்டது. திரையில், 'லென்ஸ் இணைக்கப்படவில்லை' என்றது.

கணவர் எட்டிப் பார்த்தார். அவர் தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறார். "அரைக் கிலோ கண்ணாடிய மாட்டி வச்சிருக்கே, அது இல்லவே இல்லங்குதே" என்றார்.

புது லென்ஸ் என்றால் கேமராவோடு மின்சாரத்தில் பேசும். பழையதற்கு அந்தப் பேச்சே தெரியாது. அதனால் கேமராவுக்கு அது இருப்பதே தெரிவதில்லை. 'லென்ஸ் இல்லாவிட்டாலும் படமெடு' என்று ஒரு கட்டளை உள்ளே ஒளிந்திருந்தது. மகள் தேடிப்பிடித்து அதைப் போட்டுக் கொடுத்தாள். அதன்பிறகு எல்லாம் கை வேலை. வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்று சின்ன வளையத்தை டிக் டிக் என்று நகர்த்த வேண்டும். தெளிவு வேண்டுமென்றால் பெரிய வளையத்தைத் திருப்ப வேண்டும். எது தெளிவாக விழுகிறதோ அதன் விளிம்பில் கேமரா சிவப்பாகக் கோடு போட்டுக் காட்டும். ஸ்பேனர் அக்காவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. தன்னைப் போலவே கோடு போடுகிற ஒரு ஜீவன் உலகத்தில் உண்டு என்று மகளிடம் சொன்னாள்.

மூன்று மாதம் கண்டதையெல்லாம் எடுத்தாள். எதிர் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் உட்காரும் புறா, தூரத்தில் திரும்பும் பஸ். ஆள் மட்டும் கிடையாது.

"தொட்டியையே எத்தன நாள் எடுப்ப? அதுக்கு மாப்பிள்ள பாக்கப் போறியா?" என்றார் கணவர்.

"ஆளுங்கள எடுக்கணும்னா கேக்கணும். கேட்டா வெறச்சுப் போய் நிப்பாங்க. தொட்டி அப்படி இல்ல."

"எங்கிட்ட தினம் இருபது பேர் கழுத்த நீட்டிட்டு உக்காந்திருக்காங்க, கத்தி வச்சிருக்கற ஆளுகிட்ட. எவனாவது வெறைக்கறானா? கிட்டப் போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுடணும். அவங்களுக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியா இருக்கணும். வாய் ஓடுச்சுன்னா முகம் தானா இளகிடும்."

அவள் அதை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி சண்டைக்கு வருவோம். இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் உடுப்பு தைத்து அனுப்பியதில், நாற்பது உடுப்பில் பை ஓரத்துத் தையல் விட்டுவிட்டு விழுந்திருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் எல்லாரையும் நிறுத்திவைத்து மெஷின்களைத் திட்டினார். ஸ்பேனர் அக்காவைத் திட்டியிருந்தால் பொறுத்திருப்பாள். மெஷினைச் சொன்னதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்ல சார். பாத்து அனுப்பறவங்க கண்ணுலதான் கோளாறு" என்றாள்.

பார்த்து அனுப்புகிறவர் சூப்பர்வைசரம்மா. முப்பது வருஷமாக ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலையும் பார்த்து அனுப்பியவர். ஸ்பேனர் அக்கா வேலைக்கு வந்த முதல் நாள் அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் காட்டியவரும் அவர்தான். "ஏண்டி" என்றுதான் அவளைக் கூப்பிடுவார். அவர் மறுநாள் மூக்குக்கண்ணாடியோடு வந்தார். அவர் பார்த்ததை மறுபடி பார்க்க நிர்வாகம் பக்கத்தில் இன்னோர் ஆளை உட்காரவைத்தது. அன்றிலிருந்து "ஏண்டி" போய் "மெக்கானிக்" வந்தது. ஸ்பேனர் அக்காவும் "அக்கா" என்று கூப்பிடுவதை விட்டு "மேடம்" என்றாள். சொன்னது உண்மை என்று இருவருக்குமே தெரியும். அதனால்தான் காயம் ஆறவில்லை. நாலு பேர் முன்னால் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று அவள் உருகாத நாளில்லை. அதைப் போய்ச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இந்த நிலையில் சூப்பர்வைசரம்மா வேலையிலிருந்து ஓய்வு பெறும் வெள்ளிக்கிழமை வந்தது. கட்டடத்து வாசல்படியில் எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுத்து, சட்டம் போட்டு அவருக்குக் கொடுப்பது என்று முடிவானது. ஸ்பேனர் அக்காவிடம் பெரிய கேமரா இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். அவள் உடனே ஒப்புக்கொண்டாள். வாயால் கேட்க முடியாத மன்னிப்பை ஒரு நல்ல படத்தில் வைத்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமையை விட்டால் அவரைப் பார்க்கக்கூடக் காரணம் இருக்காது.

லென்ஸின் பெரிய வளையம் கொஞ்ச நாளாக இறுகித் திரும்பியது. உள்ளே பழைய கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கும். புதன்கிழமை மாலை கணவரிடம், சலூனிலிருந்து டிரிம்மரின் கடுகளவு திருகைக் கழற்றும் சின்னத் திருப்புளியைக் கொண்டுவரச் சொல்லி, சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தாள். ஒன்றுக்குள் ஒன்றாகத் திருகியிருந்த இரண்டு குழாய்களும் பிரிந்து வந்தன. உள்ளே வெட்டியிருந்த திருகு மரை அவ்வளவு அழகாக இருந்தது. அதைத் துடைத்து, புதுக் கிரீஸ் தடவி, திரும்பத் திருகி மூடினாள். எதிரே இருந்த சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள். மூடியில் இருந்த கீறல்கூடத் தெளிவாக விழுந்தது. வளையம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

கோடு போடவில்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கோடு போடவில்லை. அவசரம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆசையில் மறந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாசல்படியில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். நடுவில் சூப்பர்வைசரம்மா, கேமராவைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் அக்கா இருபது அடி தள்ளி நின்று வளையத்தைத் திருப்பினாள். திரையில் முப்பத்தேழு பேரும் தண்ணீரில் கரைந்த சாயமாகத் தெரிந்தார்கள். இன்னும் திருப்பினாள். வளையம் கடைசிக்கு வந்து நின்றுவிட்டது. முகங்கள் தெளியவில்லை. அவளுக்கு முன்னால் நாலடியில் இருந்த கைப்பிடிக் கம்பியில் மட்டும் சிவப்புக் கோடு வந்து உட்கார்ந்தது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தக் குழாய்களின் மரையில் திருகத் தொடங்க ஆறு வாய் உண்டு. ஆறில் எதிலும் திருகலாம், எதில் திருகினாலும் திரும்பும். ஒன்றுதான் சரியானது. மாற்றித் திருகியிருக்கிறாள். லென்ஸ் எவ்வளவு உள்ளே போக வேண்டுமோ அவ்வளவு போகவில்லை. அதற்கு இனி நாலடிக்கு மேல் எதுவும் தெரியாது. சின்னத் திருப்புளியோ சலூனில் இருக்கிறது.

"என்னக்கா ஆச்சு?" என்றாள் ஓவர்லாக் மெஷின்காரி.

"லென்ஸுக்குத் தூரம் தெரியல."

"தெரியலன்னா ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிக்கப் போனவர்கள் சட்டென்று சிரிப்பை விழுங்கினார்கள். எல்லார் பார்வையும் சூப்பர்வைசரம்மாவின் மூக்குக்கண்ணாடிக்குப் போய்விட்டுத் திரும்பியது.

மேனேஜர் தன் செல்போனை வாட்ச்மேனிடம் நீட்டினார். ஸ்பேனர் அக்காவையும் கடைசி வரிசையில் போய் நிற்கச் சொன்னார்கள். வாட்ச்மேன் ஒரே அமுக்கில் வேலையை முடித்தார். படமும் நன்றாகவே இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எல்லாரும் உள்ளே போனபின் அவள் படியில் உட்கார்ந்து தன் இடது கையைத் தானே படமெடுத்தாள். நகக்கண்ணில் இருந்த எண்ணெய் அழுக்கு, ஊசி ஏறிய பழைய தழும்பு, ரேகை, எல்லாம் சிவப்புக் கோடு கட்டிக்கொண்டு தெளிவாக விழுந்தன. நாலடிக்குள் இந்த லென்ஸ் ராஜா. தூரமாக நிற்க முடியாது, அவ்வளவுதான். கிட்டப் போக வேண்டும். சூப்பர்வைசரம்மாவை வீட்டில் விடும் வேன் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. எழுந்து உள்ளே போனாள்.

முதலில் ஓவர்லாக் மெஷின்காரி. நாலடியில் கேமராவைப் பார்த்ததும் அவள் தொண்டையில் எலும்பு சிக்கியவள் போல ஆனாள். கணவர் சொன்னது ஸ்பேனர் அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதில் தெரிந்த கேள்வி வேண்டும்.

"உன் மெஷின் எப்படி ஓடுது?" என்றாள்.

"அத ஏன் கேக்கறீங்க. காலையில ஒரு மணி நேரம் நல்ல புள்ள மாதிரி ஓடும், அப்புறம் கத்த ஆரம்பிக்கும் பாருங்க, எங்க மாமியார் தோத்தாங்க..."

கிளிக். அந்த முகம் விழுந்தது, மாமியார் நினைப்பின் மினுமினுப்போடு. அதன்பிறகு தடையே இல்லை. மெக்கானிக்கிடம் மெஷினைப் பற்றிக் குறை சொல்லச் சொன்னால் யார்தான் விறைப்பார்கள்? பெடல் கிறீச்சிடுகிறது என்று ஒருத்தர் கண்ணை உருட்டினார். ஊசி தன்னைக் குறிபார்ப்பதாக ஒருத்தி சத்தியம் செய்தாள். போன வாரம் பெல்ட் அறுந்த சத்தத்தை வாயாலேயே எழுப்பிக் காட்டினார் இஸ்திரிக்காரர். வளையத்தைக் கடைசியில் நிறுத்தியபின் ஸ்பேனர் அக்கா அதைத் தொடவே இல்லை. உடம்பை முன்னும் பின்னும் அசைத்துச் சிவப்புக் கோடு கண்ணில் வந்து உட்காரும்போது அமுக்கினாள். மேனேஜர் தன் கம்ப்யூட்டரைத் திட்டினார். ஐந்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது முப்பத்தாறு பேர் முடிந்திருந்தார்கள்.

ஜன்னலோர மேஜையில் சூப்பர்வைசரம்மா இழுப்பறையைக் காலிசெய்து பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு போட்டோ."

"அதான் வாட்ச்மேன் எடுத்துட்டாரே."

"அது எல்லாருக்கும். இது உங்களுக்கு."

"சீக்கிரம் எடுங்க மெக்கானிக். வேன் வந்துடும்."

அவள் நாலடிக்கு வந்தாள். இரண்டு வருஷத்தில் அவ்வளவு கிட்டே வந்ததில்லை. திரையில் கண்ணாடியின் சட்டத்தில் சிவப்புக் கோடு ஏறியது. முகம் இரும்புக் கதவாக இருந்தது.

"உங்க மெஷின்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"எனக்கு ஏது மெஷின்" என்றார் சூப்பர்வைசரம்மா.

உண்மைதான். கூடத்திலேயே மெஷின் இல்லாத ஆள் அவர் ஒருவர்தான். மேஜையும் கண்ணும்தான் அவருடைய கருவி. ஸ்பேனர் அக்கா முன்னும் பின்னும் அசைந்து பார்த்தாள். சிவப்புக் கோடு சட்டத்திலிருந்து காதுக்கும் காதிலிருந்து பின்னால் திரைச்சீலைக்கும் ஓடியது. பேச்சுக் கொடுத்தே ஆக வேண்டும். வேறு கேள்வி எதுவும் வரவில்லை. இரண்டு வருஷமாகத் தொண்டையில் இருந்ததுதான் வந்தது.

"அக்கா, அன்னைக்கு மெஷினக் குத்தம் சொன்னதும் எனக்குக் கோவம் வந்துடுச்சு. உங்களத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். நாலு பேர் முன்னால சொன்னேன் பாருங்க, அது தப்பு. தினம் வீட்ல பாத்திரம் கழுவும்போது இதச் சொல்லிப் பாக்கறேன். இங்க வந்தா வாய் ஒட்டிக்குது."

சூப்பர்வைசரம்மா கண்ணாடியைக் கழற்றினார். புடவைத் தலைப்பில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எடுத்தியா?" என்றார் கடைசியில்.

"இல்ல."

"ஏன்?"

"அமுக்க மறந்துட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதடு துடித்தது. தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டு, பல் எல்லாம் தெரிய, கண்ணில் நீர் முட்டச் சிரித்தார். ஸ்பேனர் அக்கா இந்தத் தடவை மறக்கவில்லை.

திரையில் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஸ்பேனர் அக்கா பொத்தானை அமுக்கி அமுக்கி, திரை முழுவதும் ஒரு கண்ணாக ஆகும்வரை பெரிதாக்கினாள். இமை முடி ஒவ்வொன்றையும் எண்ணலாம். கருவிழியில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்குள் கேமராவும் நீலக் கோட்டும் தெரிந்தன.

"ஏண்டி, இவ்ளோ நல்லாயிருக்கற கண்ணயா கோளாறுன்னு சொன்னே?"

ஸ்பேனர் அக்கா கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தாள். அவள் அழுதாள் என்று சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"அன்னைக்கு எனக்குக் கண்ணு தெரியலதான்" என்றார் அவர் தணிந்த குரலில். "ஊசி கோக்கவே ஒரு வருஷமாத் திண்டாடிட்டிருந்தேன். நீ சொல்லாம இருந்திருந்தா இன்னும் மறச்சிட்டுத்தான் இருந்திருப்பேன். மறச்சது வெளிய வந்துடுச்சேன்னு அந்தக் கோவம் வேற." பிறகு லென்ஸைத் தட்டினார். "சரி, இதுக்கு என்ன வந்துச்சு? ஏன் தூரம் தெரியல?"

"கிரீஸ் மாத்தினேன். திரும்ப மாட்டும்போது மரை மாறிடுச்சு."

"கோடு போட்டியா?"

ஸ்பேனர் அக்கா தரையைப் பார்த்தாள்.

சூப்பர்வைசரம்மாவின் முகத்தில் இரண்டு வருஷத்து இருட்டு போய் விளக்குப் போட்டது போல ஆனது. எழுந்து நின்று, முப்பது வருஷம் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரலில், "எல்லாரும் இங்க கேளுங்க. ஸ்பேனரு கோடு போடாமக் கழட்டியிருக்கா" என்றார்.

ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாலு பேர் இல்லை, முப்பத்தாறு பேர் கேட்டார்கள். அவளால் எப்போதோ அழவைக்கப்பட்டவர்கள் எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். இஸ்திரிக்காரருக்குப் புரையேறியது. ஸ்பேனர் அக்கா காதுவரை சிவந்துபோய், மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அவ்வளவு லேசாக அவள் இரண்டு வருஷமாகச் சிரித்ததில்லை.

வேன் வந்தது. பையையும் பரிசுப் பொட்டலங்களையும் ஏற்றிவிட்டார்கள். சூப்பர்வைசரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, விரலை மடக்கி ஸ்பேனர் அக்காவைக் கிட்டே கூப்பிட்டார்.

"எனக்கு ஏது மெஷின்னு சொன்னேனில்ல? வீட்ல ஒண்ணு இருக்கு. கண்ணு போனதுலேர்ந்து தொடவே இல்ல, உறை போட்டு மூடி வச்சிருக்கேன். இப்ப துருப்பிடிச்சு சக்கரமே சுத்தாது. ஞாயித்துக்கிழமை வந்து பாரு."

"வர்றேங்க்கா."

"சாப்பாடு எங்க வீட்ல. அந்தக் கேமராவையும் எடுத்துட்டு வா."

வேன் நகர்ந்தது. அவர் தலையை வெளியே நீட்டி, "சாக்பீஸ மறந்துடாதடி" என்றார்.